பாலாற்றை ஒட்டி ஒரு தனிச் சைக்கிள்

ஆம்பூரில் வேலை முடியும் நேரத்தில் ஒரு காலத்தில் சாலையை அடைத்துக்கொண்டு வந்தவை சைக்கிள்கள். மின்னூர், விண்ணமங்கலம், சோலூர், துத்திப்பட்டு என்று சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புக்குப் போய்த் திரும்பும் ஆண்கள். ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி, பின் கேரியரில் பங்காளியோ பக்கத்து வீட்டுக்காரரோ, மடித்துக் கட்டிய லுங்கி. கூட்டம் போன பிறகும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை கொஞ்ச நேரம் சாலையிலேயே நிற்கும். இன்று அதே நேரத்தில் அதே சாலையில் வருபவை ஷூ கம்பெனி பஸ்களும் வேன்களும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சைக்கிள் இந்த வட்டாரத்தை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஓட்டுகிற ஆளும் ஓட்டுகிற காரணமும் மாறிவிட்டன. நவம்பர் பிறந்ததும் விடியற்காலையில் வேலூர் பக்கம் நின்று பார்த்தால், தலைக்கவசம் போட்ட யாராவது ஒருவர், பின் சக்கரத்தின் இரு புறமும் பை தொங்க, சுருட்டிய கூடாரத்தை மேலே கட்டிக்கொண்டு மேற்கே போவதைக் காணலாம். வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி, அங்கிருந்து இறங்கி ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், பிறகு போளூர், கண்ணமங்கலம் வழியாகத் திரும்பவும் வேலூர். அந்தப் பாதையில் போகிறவர்களில் நானும் ஒருவன். கடற்கரையும் மலையும் சேர்ந்த சாலையில் சைக்கிளில் நாள் கணக்காகப் போவதை உலகம் முழுக்கப் பெரிய இன்பமாகப் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் கடல் கிடையாது. ஒரு பக்கம் ஜவ்வாதும் ஏலகிரியும், இன்னொரு பக்கம் மணல் ஆறு. கரை என்று எங்களுக்கு இருந்தது பாலாற்றங்கரைதான்.

தனி ஆளாகப் பல நாள் சைக்கிளில் போகிறவனுக்குத் தேவை அதிகமில்லை. குடிக்கத் தண்ணீர், இரவில் முதுகைச் சாய்க்க ஓர் இடம், அவசரப்படுத்தாத ஒரு சாலை. இவை மூன்றையும் இந்தப் பள்ளத்தாக்கு முன்பு கேட்காமலே கொடுத்தது. இன்று அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், அல்லது இல்லாமல் சமாளிக்க வேண்டும். சைக்கிள் எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. வழிப்போக்கனுக்கு ஊர் விட்டுவைத்திருந்த இடம்தான் சுருங்கிவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் வண்டி. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949இல். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்கள் அங்கிருந்துதான் வீடு வீடாகப் போயின. வடக்கே இருந்து அட்லஸும் ஹீரோவும் வந்தன. இருபது கிலோ எடைக்குக் குறையாத கறுப்பு இரும்பு வண்டி, கம்பி பிரேக், தோல் சீட்டு, ஒரே ஒரு வேகம். ஆண்டுதோறும் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். டபுள்ஸ் போனாலும் அப்படித்தான். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைச் சைக்கிள் கடை. எங்கள் தலைமுறைப் பையன்கள் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டது அந்த வாடகை வண்டிகளில்தான்.

அந்த வண்டியில் நீண்ட தூரம் போனவர்கள் இருந்தார்கள். அதைப் பயணம் என்று அவர்கள் சொன்னதில்லை. குடியாத்தத்துக் கைலிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள், வளையல்காரர்கள், பாத்திரக்காரர்கள், கத்தி சாணை பிடிக்கிறவர்கள். சரக்கு தீரும்வரை வீடு திரும்ப மாட்டார்கள். எந்த ஊரில் இருட்டுகிறதோ அந்த ஊர்த் திண்ணை. இன்று கூடாரத்தோடு போகும் நாங்கள் செய்வதைத்தான் அவர்கள் வயிற்றுக்காகச் செய்தார்கள், எங்களைவிட எடை கூடிய வண்டியில், எங்களைவிட மோசமான சாலையில். இந்த வட்டாரத்தின் முதல் நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள் என்று நான் மதிப்பது அவர்களைத்தான்.

இன்னொரு வகை ஆள் உண்டு. ஊர் நடுவே வட்டம் கட்டி, இரவும் பகலும் சைக்கிளை விட்டு இறங்காமல் நாள் கணக்கில் சுற்றுகிறவர். வண்டியிலேயே குளிப்பார், சாப்பிடுவார், சட்டை மாற்றுவார். ரேடியோ செட்டில் பாட்டு ஓடும். கடைசி நாள் ஊரே கூடிக் காசு போடும். அவர் அந்த வட்டத்துக்குள் போட்ட மைல்களை நேராகப் போட்டிருந்தால் எத்தனையோ ஊர் போயிருப்பார். தெருவில் நின்று அவரைப் பார்த்த சிறுவர்களுக்கு, சைக்கிளின்மேல் ஒரு மனிதன் நாள் கணக்கில் வாழ முடியும் என்று முதலில் காட்டியவர் அவர்தான்.

உலகம் சுற்றிய சைக்கிள்காரர்களின் கதையும் அப்போதே நம் நாட்டில் உண்டு. 1923இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பபசோலா, ருஸ்தம் பூம்கரா என்ற மூவர் முழுச் சுற்றையும் முடித்துக்கொண்டு 1928இல் திரும்பினார்கள். அதற்கும் முன்பு, 1880களில், இங்கிலாந்தில் பிறந்த தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற பயணி பெரிய முன்சக்கர வண்டியில் வட இந்தியாவின் நெடுஞ்சாலையைக் கடந்தார். அவர்களுக்கெல்லாம் பெயர் கிடைத்தது. கைலி மூட்டைக்காரருக்குக் கிடைக்கவில்லை.

இனி தண்ணீர். பாலாறு கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, கொஞ்ச தூரம் ஆந்திரத்தில் ஓடி, புல்லூரை ஒட்டி வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் நம்முடையது. எப்போதுமே அது ஆண்டு முழுக்க ஓடிய ஆறு இல்லை. மழையில் சில நாள் வெள்ளம், மற்ற நாளெல்லாம் மணல். ஆனால் அந்த மணலுக்குக் கீழே தண்ணீர் இருந்தது. கோடையிலும் முழங்கை ஆழம் தோண்டினால் ஊறும். சிரட்டையால் மொண்டு துணியில் வடிகட்டிக் குடிக்கலாம். ஆற்றுப்படுகையிலிருந்து ஊற்றுக்கால்வாய் வெட்டித்தான் கரையோர ஊர்கள் நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தன. வழிப்போக்கனுக்கு அந்த மணலே படுக்கை. சித்திரை மாத இரவில் ஊருக்குள் புழுங்கும்போது ஆற்றில் காற்று வரும். வீட்டு ஆண்களே பாயைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்ப் படுப்பார்கள். புதிதாக வந்தவன் அவர்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வெள்ளமும் சும்மா வந்து போனதில்லை. 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து பாலாறு வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. உயிர்ச்சேதத்தை நகரம் இன்னும் மறக்கவில்லை. 2021 நவம்பரில் ஆறு மறுபடி இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஆற்றையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் பாலத்தில் நின்று படம் எடுத்தார்கள். பெரியவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தோல் பதனிடுவது இந்த ஆற்றங்கரைக்கு வந்ததற்கும் அந்த ஊற்றுத்தண்ணீர்தான் காரணம். தோலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பக்கத்து மலையிலும் காட்டிலும் கிடைத்தன. ஜவ்வாது மலை மக்கள் பொறுக்கிய கடுக்காய் வண்டியேறி வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வந்தது. பட்டையில் பதனிட்ட அந்தத் தோல் மெதுவாகத்தான் ஆகும். கழிவும் நாறும். ஆனால் அந்தக் கழிவில் குரோமியம் இல்லை. 1970களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுமையாக்கிய தோலை அனுப்ப வேண்டும் என்று அரசின் கொள்கை மாறியது. குரோமியம் கொண்டு பதனிடும் முறை வேகமாகப் பரவியது. வேலையும் பணமும் பெருகின. ஆம்பூர் ஷூ உலகச் சந்தைக்குப் போனது. ஆற்றுக்குள் உப்பும் குரோமியமும் போயின.

அடுத்து நடந்தது சட்டம் படிக்கிற மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையும், கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற விதியும் உண்டு. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாலாறு கெட்டதற்கான ஈட்டை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுக்கு அருகில் ஆகிவிட்டது. இதற்குள் ஒரு விவசாயி தன் கிணற்றை மூடிவிட்டு அதே தொழிற்சாலையில் காவலாளியாகி ஓய்வும் பெற்றுவிடலாம்.

கழிவு மட்டும் காரணம் இல்லை. மணலை லாரி லாரியாக அள்ளினோம். ஊற்றைப் பிடித்து வைத்திருந்தது அந்த மணல்தான். மேலே ஆந்திரம் தடுப்பணைக்கு மேல் தடுப்பணை கட்டியது. புல்லூர் தடுப்பணையை 2016இல் இன்னும் உயர்த்தியது. மாதனூரிலிருந்து ஆம்பூர்வரை ஆற்றை ஒட்டிப் போகும் ஊர்ச்சாலைகளில் சைக்கிளை மிதித்தால் இன்று கண்ணில் படுவது சீமைக் கருவேலமும் பள்ளமும்தான். அங்கே தோண்டிக் குடிக்க நான் யாரையும் அனுப்ப மாட்டேன். வேலூரில் கிளம்பும்போதே நான்கு லிட்டர் கட்டிக்கொள்கிறேன். தீர்ந்தால் கேன் தண்ணீர் விற்கும் கடை, இல்லையென்றால் பஞ்சாயத்து சுத்திகரிப்பு இயந்திரத்தில் நாணயம் போட்டுப் பிடிக்க வேண்டும். டீக்கடைகளில் கேட்டால் இன்றும் மறுக்காமல் தருகிறார்கள். ஆனால் கேனைச் சாய்த்துத் தருகிறார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் அது என்று தெரியும்போது, பாட்டிலை நிறைத்துக்கொள்ளக் கை வருவதில்லை.

படுக்கை இடத்துக்கு வருவோம். முன்பு சாலையோரச் சத்திரங்கள், கோயில் மண்டபங்கள், ரயில் நிலைய மேடைகள், பள்ளிவாசல் முற்றங்கள், வீட்டுத் திண்ணைகள். இந்தப் பாதை மைசூர்ப் பக்கத்தையும் காஞ்சி, சென்னைப் பக்கத்தையும் இணைத்த பழைய வழி. படையும் வணிகமும் யாத்திரையும் இதில்தான் போயின. 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் போரில் விழுந்தது ஆம்பூரில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதும் இந்தத் திசையில்தான். வேலூருக்கு மேற்கே விரிஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையில் இருக்கும் ஈசனுக்கு வழித்துணைநாதர் என்று பெயர். கள்வருக்கு அஞ்சிய ஒரு வணிகனுக்குக் காவலாளாகக் கூடவே வந்தார் என்பது தலபுராணம். பயணம் போகிறவர்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பெரிய மதில், அகலமான மண்டபங்கள், நிழல் விழுவதை வைத்து நேரம் சொல்லும் ஒரு கல். வணிகக் கூட்டங்கள் தங்கிப் போன ஊர் என்பதைச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று மண்டபங்களுக்குக் கம்பிக் கதவும் பூட்டும் வந்துவிட்டன. சிலை திருடர்கள் செய்த வேலை. கோயிலைக் குறை சொல்ல முடியாது. புது வீடுகளில் திண்ணை கட்டுவதில்லை. வாசலையொட்டி இரும்புக் கேட். நெடுஞ்சாலையில் லாட்ஜ்கள் நிறைய உண்டு. ஆனால் நாளெல்லாம் மிதித்த சைக்கிளை மாடிக்கு ஏற்ற விடமாட்டார்கள். கீழே விட்டால் தூக்கம் வராது. பெட்ரோல் பங்குகள்தான் இப்போது சத்திரத்துக்குக் கொஞ்சம் அருகில் வருகின்றன. விளக்கு, கழிப்பறை, தண்ணீர், இரவு முழுக்க ஆள். மேலாளரிடம் சொல்லிவிட்டு ஓரத்தில் ஒரு லாரி ஓட்டுநர் கயிற்றுக்கட்டில் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் படுக்கலாம். லாரிக்காரர்கள் நல்ல துணை. “தனியாவா வந்தீங்க? ஏன் தம்பி, பஸ் ஓடலையா?” என்று ஒரு கேள்வி, பிறகு ஒரு டீ.

ஆனால் அன்றைய காலத்தை முழுக்கப் பொன்னாக்கிப் பேச நான் தயாரில்லை. திண்ணையில் படுக்க எல்லோருக்கும் இடம் கிடைத்ததில்லை. எந்தத் தெருத் திண்ணை, எந்தக் குவளை என்று சாதி பார்த்துத்தான் கிடைத்தது. தோல் தொட்டு வேலை செய்தவர்களுக்கு அந்த ஒதுக்கல் இன்னும் கூடுதல். கேன் தண்ணீர் யாருக்கும் ஒன்றுதான். லாட்ஜ் கணக்குப் புத்தகத்தில் சாதி எழுதச் சொல்வதில்லை. மாறியதில் இந்தப் பங்கை நான் ஏற்றுக்கொண்டு மகிழ்கிறேன்.

வழிப்போக்கன்மேல் சந்தேகம் என்பதும் அன்று இருந்தது. 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் நக்சல்கள் வீசிய குண்டில் காவல் ஆய்வாளர் பழனிச்சாமி உள்ளிட்டோர் இறந்தனர். அதன் பின் வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் நடந்த போலீஸ் வேட்டையில் இளைஞர்கள் பலர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டுகளில் முதுகில் பையோடு ஜவ்வாது மலை அடிவாரத்தில் தனியாகத் திரிந்த வாலிபன், மளிகைச் சாமான் வாங்கவே பயப்பட வேண்டியிருந்தது. பிறகு சந்தனக் கடத்தல் காலம். மலையிலிருந்து இரவில் இறங்கும் எந்தச் சைக்கிளையும் வனத்துறை நிறுத்தும், கேரியரைத் தட்டிப் பார்க்கும். இன்று செக்போஸ்டில் கேட்பது ஆதார் அட்டை. காட்டினால் விட்டுவிடுகிறார்கள். சிலர் கூடவே சைக்கிளின் விலையையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

சாலை எப்படி மாறியது என்பதை எங்கள் வயதுக்காரர்கள் புளியமரத்தை வைத்துச் சொல்வார்கள். சென்னை–பெங்களூர் சாலையின் இரு பக்கமும் புளியமரம் கவிந்திருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் நிழலில் மிதிக்கலாம். ஒவ்வொரு மரத்திலும் வெள்ளையும் கறுப்பும் பட்டை, எண். தங்க நாற்கரத் திட்டத்தில் சாலை அகன்றது, பிறகு ஆறு வழியானது. நெடுஞ்சாலை எண் 46 போய் 48 வந்தது. மரங்கள் போயின. பள்ளிகொண்டாவில் சுங்கச்சாவடி வந்தது. மே மாதம் வேலூரில் வெயில் நாற்பது டிகிரி தாண்டும்போது அந்தத் தாரின்மேல் சைக்கிள் ஓட்டுவது தோசைக்கல்லில் நடப்பதுதான். இன்று அந்த வேகத்தின் ஓரத்தில் சைக்கிளுக்கு இருப்பது சர்வீஸ் ரோடு. அதுவும் மேம்பாலங்களுக்கு அருகே முடிந்து முடிந்து தொடங்கும். எதிர்த்திசையில் பைக்குகள் வரும். பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை முழுதாகத் திறந்தால் லாரிகள் கொஞ்சம் அங்கே போய் இங்கே மூச்சு விடக் கிடைக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சாலையில் சைக்கிள் ஏறவே முடியாது.

அதனால் இன்றைய சைக்கிள்காரர் நெடுஞ்சாலையைத் தொடாமல் போகப் பார்க்கிறார். கையில் இருக்கும் போனில் வரைபடம் ஊர்ச்சாலையெல்லாம் காட்டுகிறது. அன்று எவருக்கும் இல்லாத வசதி அது. ஏரிக்கரை, தென்னந்தோப்பு, ரயில் கேட் என்று ஒரு வழி தானாகப் பின்னிக்கொள்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கக் காட்டோரம் கூடாரம் போடக்கூடாது. ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயத்து யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது.

மலைதான் மேம்பட்டது. இதை மனம் நிறைந்து சொல்வேன். வாணியம்பாடி–திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியில் திரும்பினால் ஏலகிரி ஏற்றம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர்: பாவேந்தர், பாரதியார், வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஒளவை, பிறகு கடையேழு வள்ளல்கள். பாரி வளைவில் தண்ணீர் குடித்து, அதியமான் வளைவில் காலை ஊன்றி நின்று, பேகனைக் கண்டதும் முடிந்தது என்று மூச்சு விடலாம். அறுநூறு மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். சாலை வருவதற்கு முன் இங்கே கால்வழிதான். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைச்சுமையாகத்தான் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். சாலை வந்த பிறகும் ஒரே வேகச் சைக்கிளில் ஏறியவர்கள் பெரும்பகுதியைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். இறங்கும்போது கம்பி பிரேக்கை நம்ப முடியாது. இன்று முன்னால் சிறு பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம், டிஸ்க் பிரேக். பொறுமை உள்ள எந்த ஆளும் கீழே இறங்காமல் அத்தனாவூர் வரை ஏறிவிடலாம். வண்டியின் பொறியியல் செய்த இந்த உதவியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நடு வயது தாண்டியவர்களையும் மலைமேல் ஏற்றியது அது. மேலே தனியார் கூடார முகாம்கள் நிறைய வந்துவிட்டன. காசு கொடுத்தால் வேலிக்குள் பத்திரமாகத் தூங்கலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், ஒலிபெருக்கி விடிய விடிய ஓடும்.

ஜவ்வாது வேறு. ஆலங்காயத்தைத் தாண்டிச் சாலை ஏறத் தொடங்கியதும் போக்குவரத்து மெலிந்துவிடும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். ஊர் விளக்குகளிலிருந்து தள்ளி, காடு சூழ்ந்த இந்த இடத்தை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார்; 1968இல் முதல் தொலைநோக்கி வானத்தைப் பார்த்தது. 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். இங்கே எடுத்த படங்களிலிருந்து 1988இல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். கூடாரத்தோடு வருகிறவனுக்கு இருட்டு என்பது பெரிய செல்வம். அடிவாரத்து நகரங்களின் வெளிச்சம் தொடுவானத்தில் மங்கலாகத் தெரிந்தாலும், காவலூருக்கு மேலே இன்னும் பால்வீதி தெரிகிறது. பள்ளத்தாக்கில் ஆற்றை இழந்தோம், மலைமேல் வானத்தை இன்னும் முழுக்க இழக்கவில்லை. அதற்குக் காரணம் வானாய்வகமும் காப்புக்காடும்தான்.

அந்தக் காப்புக்காட்டுக்குள் கூடாரம் போட முடியாது. போடவும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகி இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறையே நாற்பது மலைப்பாதைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டியோடு திறந்தது. நடப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஒற்றையாகச் சைக்கிளில் வந்து ஓர் இரவு தலைசாய்த்துவிட்டுப் போகிறவனுக்கு அதில் இடமில்லை. எனவே ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போகும்போது நான் செய்வது பழைய முறைதான். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏதாவது ஒரு மலைக்கிராமத்தில் நிறுத்தி, ஊர்ப் பெரியவர் யார் என்று கேட்டு, எங்கிருந்து வருகிறேன், எங்கே போகிறேன் என்று சொல்லி, பள்ளி வராண்டாவிலோ மாரியம்மன் கோயில் முன்னாலோ படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பேன். மறுத்ததாக நினைவில்லை. சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த வீடுகள் உண்டு. கீழே காணாமல் போன திண்ணை மேலே இருக்கிறது.

இது ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி நிற்கிற ஏற்பாடு என்பதுதான் எனக்குள்ள கவலை. அமெரிக்காவின் பசிபிக் கரையில், மலை கடலுக்குள் இறங்கும் ஆரிகான் மாநிலத்தில், மாநிலப் பூங்காக்களில் நடந்து வருகிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் என்றே தனியாக முகாம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முன்பதிவு வேண்டாம், சிறு கட்டணம், தண்ணீர், கழிப்பறை. நாள் கணக்காகக் கரையோரம் தனியே மிதிக்கிறவர்கள் நெடுந்தூரம் போக முடிவது அந்தச் சிறு துண்டு நிலங்களால்தான். நம்மிடம் சத்திரம் என்ற பெயரில் அது முன்பே இருந்தது. பாலாற்றின் ஓரத்திலும் ஜவ்வாதிலும் ஐந்தாறு பஞ்சாயத்துகள் தங்கள் சமுதாயக் கூடத்தின் ஒரு மூலையை, குழாயோடும் விளக்கோடும், இப்படி ஒதுக்கினால் போதும். வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்து திருப்பத்தூருக்கும் ராணிப்பேட்டைக்கும் தனி ஆட்சியர்கள் வந்திருக்கிறார்கள். சுற்றுலா என்றால் ஏலகிரிப் படகுக்குளம் என்று மட்டும் நினைக்காமல் இதையும் பார்க்கலாம். செலவு மிகச் சிறியது. ஆம்பூரில் மதியம் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு ஏறுகிற எந்தச் சைக்கிள்காரனும் அந்த ஊர்களில் காசு விடாமல் போகமாட்டான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அன்றைய சைக்கிள் கூட்டத்தில் பெண் கிடையாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, வடக்கே எங்கள் ஊர்களில் அதைச் செய்தியாகத்தான் படித்தோம். பிறகு அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. ஆலங்காயம் சாலையில் காலை எட்டரை மணிக்கு இரட்டைப் பின்னலோடு வரிசையாக வரும் பிள்ளைகளைப் பார்த்தால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. என் மூட்டையைப் பார்த்து “அண்ணா, டென்ட்டா அது?” என்று கேட்டுவிட்டு, மேட்டில் எழுந்து நின்று மிதித்து என்னைத் தாண்டிப் போவார்கள்.

பிளஸ் டூ முடிந்ததும் அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போகிறது, அல்லது விற்கப்படுகிறது. பெண் ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறாள். அவளுடைய சம்பளத்தில்தான் இன்று ஆம்பூர்ப் பக்கத்து வீடுகள் பல நிற்கின்றன. வாரம் ஆறு நாள் ஷூவின் மேல்தோல் தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறாள். இந்தச் சாலையில் தனியாகக் கூடாரத்தோடு போகும் பெண்களை நான் கண்டதுண்டு. பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர்கள். துத்திப்பட்டிலிருந்தோ மின்னூரிலிருந்தோ ஒரு பெண், தான் ஒரு காலத்தில் ஓட்டிய அந்த அரசாங்கச் சைக்கிளிலேயே, பொங்கல் விடுமுறைக்குத் தனியாக ஜவ்வாது மலை ஏறிப் போனதை இன்னும் பார்க்கவில்லை. மிதிக்கும் பலம் அவளுக்கு இருக்கிறது, ஆலங்காயம் சாலையிலேயே பார்த்திருக்கிறேன். பயமில்லாமல் இரவு தங்க ஓர் இடமும், வீட்டில் கேள்வி கேட்காத நான்கு நாளும் அவளுக்கு இதுவரை யாரும் கொடுக்கவில்லை.